வலிக்கு முன்னே ஒரு கட்டில்

பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "எக்கா, ருக்கு பூட்டா. புள்ள பொழச்சிகிச்சு" என்றாள். சாவையும் பிறப்பையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைப் பூஜைக்குக் கூடும் நம் எல்லோருக்கும் ருக்மணியைத் தெரியும். கணவன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். பாட்டு முடியுமுன்னே சுண்டல் எங்கே என்று கேட்டுச் சிரிக்க வைப்பாள். கடைசி இரண்டு மாதம் அவள் சிரிக்கவில்லை. நாம்தான் சிரித்தோம்.

தலைப்பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய், ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் ஏற்றினால் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததாம். கூட்ஸ் வண்டி நகரும்வரை ஜட்காவுக்குள்ளேயே உதிரத்தில் நனைந்து கிடந்திருக்கிறாள். மாமியாருக்கு அது சுகப்பிரசவம். ருக்மணி என்னிடம் சொன்னது வேறு: "பொண்ணு பொழச்சது ஊருக்கே தெரியும் எக்கா. நான் பொழச்சத யாருமே பாக்கல."

இம்முறை எட்டாம் மாதமே கேட்க ஆரம்பித்தாள்: வலி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். பூஜையன்று எல்லோர் எதிரிலும் மாமியார், "இன்னாமே, ரெண்டாவதுதானே? தும்முனா வந்து வுழும்" என்றார். ருக்மணி விடவில்லை. "தொறமொகத்துல கப்பலுக்கே மின்னாடி எடம் கேட்டு வெக்கிறாங்கோ. எனக்கு ஒரு கட்டிலு கேட்டா பல்லக் காட்டுறீங்களே!"

அதற்கும் சிரிப்பு. அவள் கணவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மாவ மீறி நான் இன்னா பண்றது?" என்று பீடியைத் தேடினான்.

பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. கேட் மூடியிருந்தது.

சாவு வீட்டில், "பயமே அவள தின்னுடுச்சி" என்றார்கள். சிலர் கேட்காரனைத் திட்டினார்கள். சிலர் அம்மன் சித்தம் என்றார்கள். நான் தினமும் விளக்கேற்றுகிறவள். இதைக் கொண்டுபோய் அம்மன் தலையில் வைக்காதீர்கள். அவளுக்கு ஒருமுறை நடந்ததைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு நாம் வைத்த பெயர் பயம்.

ஆஸ்பத்திரிக்கென்று பழம்புடவைகளை வெளுத்து, மூட்டை கட்டி, ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். போன அவசரத்தில் அதைக்கூட யாரும் எடுக்கவில்லை. கேட்டு வாங்கி வந்து என் வீட்டில் வைத்திருக்கிறேன். நம் தெருவில் அடுத்து வயிறு கனக்கிறவள் வந்து கேட்டால், அதைத் தூக்கிக்கொண்டு, வலிக்கு முன்னே நானே கேட்டைத் தாண்டி அழைத்துப் போவேன். எத்தனையாவது என்று கேட்கமாட்டேன்.