கயிற்றுக்கு அந்தப் பக்கம்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது நோர்வேயிலிருந்து சுவீடன் எல்லையைக் கடந்து தப்பியவர்களின் நினைவாக, ஒஸ்லோவில் எங்கள் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியினர் ஓட்டப்போட்டி வைத்தார்கள். அகதி மனு நிராகரிக்கப்பட்டு மனமுடைந்திருந்த மட்டக்களப்புக்காரர் ஒருவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

பாதி வழியில், எல்லைக் காவலராக வேடமிட்ட அயலவர் கயிற்றை இழுத்துப் பிடித்து, "பத்திரம் எங்கே?" என்று விளையாட்டாக மறித்தார். நான் பழக்கதோஷத்தில், எப்போதும் கூடவே வைத்திருக்கும் நோர்வே பாஸ்போட்டை எடுத்து நீட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வெட்கத்தை மறைக்க மட்டக்களப்புக்காரர் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, உன்ரையையும் எடுத்துக் காட்டன்!"

பின்னால் வந்த நம்மவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"நீங்க ஓடுங்க, அண்ணன்," என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

காவலர் கயிற்றைத் தாழ்த்தினார். நான் தாண்டி ஓடினேன். முடிவில் கொடுத்த பதக்கத்தையும் கழுத்தில் வாங்கிக்கொண்டேன்.