நேசபாயின் மூன்றாவது ஓலை

நேசபாய் தன் கல்யாணத்துக்குத் தானே தடை சொன்னாள் என்று கீரிப்பாறை முதல் வடசேரிச் சந்தை வரை பேச்சு. மாப்பிள்ளை ஆன்ட்ரூசுக்கு வேறொரு குடும்பம் இருந்ததாம், கடைசி நேரத்தில் தெரிந்துவிட்டதாம். அந்தப் பேச்சு வடசேரிக்குப் போனதில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. அதனால் நடந்ததையும் நானே எழுதுகிறேன்.

நேசபாய்க்கு ஐம்பத்தாறு வயது. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறாள். புருஷன் இறந்து பதினான்கு வருஷம். ஆன்ட்ரூஸ் எஸ்டேட் பஸ் டிரைவர், அவருக்கும் மனைவி இல்லை. நேசபாய் ஏறாமல் வண்டியை எடுக்கமாட்டார். ஆட்கள் ஏசினால் டயரில் காற்று பார்ப்பதுபோல் இறங்கி நிற்பார். ஓய்வுபெற முந்தின நாள்தான் வாய் திறந்தார்: "நாளையில இருந்து ஒன்ன எங்க பாப்பேன் நேசம்?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பெயர்களைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். குவைத்தில் இருக்கும் மகன் எட்சன் போனில் சொன்னான்: "ஓலை வாசிச்சா நான் வந்து எழும்பி நிப்பேன். சபையில வச்சு ஒனக்க மானம் போவும்."

மறுநாள் பால் வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. முதல் ஞாயிறு வாசலையே பார்த்திருந்தாள். இரண்டாவது ஞாயிறும் அவன் வரவில்லை. பயம் கூடியது, மிச்சம் ஒன்றுதானே.

மூன்றாவது ஞாயிறு எட்சன் பெட்டியோடு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தான்.

"பேடிக்காத அக்கா, என்ன பயம்" என்று என் மனைவி ஜாஸ்பின் நேசபாயின் கையைப் பிடித்தாள்.

போதகர் ஓலை வாசித்துவிட்டு, தடை உண்டா என்று கேட்டார். எட்சன் முன்பெஞ்சைப் பிடித்தான். அதற்குள் நேசபாய் எழும்பிவிட்டாள்.

"ஏம்மா, ஒனக்கே தடையா?" போதகர் மிரண்டார். யாரோ சிரித்தார்கள். நான்தான்.

நேசபாய் எட்சனைக் கையால் காட்டினாள். "ஐயா, என் மவன் தடை சொல்ல வந்திருக்கான். சொல்லட்டு. ஆனா எனக்கு இவரு வேணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எட்சன் பெஞ்சை விடவில்லை, எழும்பவும் இல்லை. போதகர் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

கல்யாணம் முடிந்தபின் அவளிடம் போய்க் கேட்டேன். "தைரியமான பொம்பளன்னு எழுதட்டா அக்கா?"

"தைரியமும் இல்ல, தடையும் சொல்லல்ல. பேடிச்சு எழும்பினேன். அவருக்கு வேற குடும்பம் உண்டுன்னு ஊரெல்லாம் சொன்னது நீதான்னு ஜாஸ்பின் சொல்லீட்டா. அவருக்குக் குடும்பம் நான் ஒருத்திதாம்லே. அத எழுது."