சாகண் கேட்டும் வெட்டிப்போட்ட பூஜ்யமும்

பிள்ளையாரைக் கரைக்கும் கணபதி விசர்ஜன் அன்று ஹிஞ்சேவாடி ஆபீசில் ட்யூட்டி பார்க்க நானாகவே பெயர் கொடுத்தேன். ஹாஸ்டலில் எல்லோரும் ஊருக்குப் போயாயிற்று. வெறும் அறையில் கிடப்பதற்கு வெறும் ஆபீஸ் தேவலை. புனே வந்து இரண்டு வருடமாகியும் வாய்விட்டுத் தமிழ் பேச எனக்கு ஒரு ஜீவன் இல்லை.

மதியம் மேனேஜர் போன் செய்தார். பின்னால் ஒரே மேளச் சத்தம். "சாகண் பிளான்ட் கேட்டுல ஒரு லாரி நிக்குது. சிக்னேச்சர் ஃபெயில்னு வருதாம். நீயே பாத்துக்கோ, ப்ளீஸ்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மகராசன்!

விஷயம் இதுதான். சரக்கு அனுப்பும் கம்பெனி, டெலிவரி நோட்டில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஃப்ளாப்பியில் கொடுத்தனுப்பும். கேட்டில் இருக்கும் எங்கள் ஜாவா புரோகிராம் அந்தக் கம்பெனி கொடுத்திருக்கும் பப்ளிக் கீ என்ற நீளமான எண்ணை வைத்துச் சரிபார்க்கும். சரி என்று வந்தால்தான் லாரி உள்ளே போகலாம். இந்தக் கம்பெனி அந்த வாரம்தான் கீயை மாற்றியிருந்தது.

செக்யூரிட்டி கேபினுக்குப் போன் போட்டேன். தமிழ்நாட்டு வண்டி, டிரைவருக்கு ஹிந்தி வராது என்று காவலாளி ரிசீவரை அவரிடமே கொடுத்துவிட்டார்.

"அண்ணே, தமிழா?" என்றேன்.

"அட சாமி! நாமக்கல் பழனிச்சாமிங்க அம்மணி. நாலு மணிக்கு மேல சரக்கு எறக்க ஆளில்லீங்களாம். நாளன்னிக்குக் காலைல அக்கா புள்ளைக்குக் காது குத்துங்க. நாந்தான் தாய்மாமன். என்ற மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும்."

"லைன்லயே இருங்கண்ணே, பாக்கேன்."

"இருக்கறனுங்க. எனக்கிங்க வேறென்ன சோலி?"

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீ ஃபைலை ஹெக்ஸ் எண்களாகத் திறந்தேன். வெறும் பைனரி. ஒவ்வொரு பைட்டாகப் படிக்க வேண்டும்: 30 என்றால் தொகுப்பு ஆரம்பம், 02 என்றால் வருவது முழு எண், அடுத்து அதன் நீளம், அப்புறம்தான் எண். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தோடு எடுத்தது, சோலாப்பூரில் டயர் வெடித்தது, இங்கே போடும் பருப்பில் இனிப்பு. நான் உம் கொட்டிக்கொண்டே படித்தேன்.

எண்ணுக்கு முன்னால் ஒரு 00 இருந்தது. இது பிளஸ் எண் என்று சொல்லத்தான் அது நிற்கிறது. எனக்கு முன் இருந்த புண்ணியவான் அதை வேண்டாத பூஜ்யம் என்று புரோகிராமில் வெட்டியிருந்தார். வெட்டியதும் முதல் பிட் 1 ஆகிவிட, ஜாவா அந்த எண்ணை மைனஸாக எடுத்துக்கொண்டது. பழைய கீ சின்ன பைட்டில் தொடங்கியதால் அதற்கு முன்னால் பூஜ்யமே இல்லை; இத்தனை நாள் தப்பித்தது.

பிழை கிடைத்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

வெட்டும் வரியை எடுத்துவிட்டு, பழைய கீயையும் புதுக் கீயையும் சோதித்து, கேட் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். "ஹோ கயா மேடம்!" சரி என்று வந்துவிட்டதாகக் காவலாளி கத்தினார். டிரைவர் எங்கே என்றேன். வண்டியோடு உள்ளே போய்விட்டாராம். மறுபடி ஆபீசில் ஏசி சத்தம் மட்டும்தான்.

காது குத்து நாளன்று காலையில் என் மேஜை போன் அடித்தது. எடுத்தால் ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது.

"கேக்குதுங்களா அம்மணி? கேட்டுல உங்க நம்பர் வாங்கியாந்தனுங்க. ரெண்டு காதும் குத்தியாச்சு! இடுப்புலதான் வெச்சிருக்கறன், கேளுங்க."

லைன் அறுபடும்வரை அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இன்றும் இரண்டே விஷயம் சொல்கிறேன். முன்னால் நிற்கும் பூஜ்யத்தை வெட்டாதீர்கள். போன் வந்தால், என்ன எர்ரர் என்று கேட்கும் முன் அங்கே யார் காத்திருக்கிறார் என்று கேளுங்கள்.