ரூபி டீச்சர் சொல்லிக்கொடுத்த சிரிப்பு

எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவர்களைப் பார்த்து "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கிளம்பினவர் திரும்பி வந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, கேட்டவரை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் மறுபடி வாசலைத் தாண்டுவார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் "தூரமா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வோம். ரூபி டீச்சரின் வகுப்போ அந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாகும்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் பெயர் மணிமுத்து. போர்டில்தான் ஸ்டூடியோ, உள்ளே நடப்பதெல்லாம் பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும். என் தலைக்கு மேலே மாடியில்தான் ரூபி ஸ்போக்கன் அரபிக் வகுப்பு. கடையநல்லூர்ப் பையன்கள், டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள், வளைகுடாவில் இருக்கும் புருஷனைப் பார்க்கப் போகும் பெண்கள் என்று யாராவது படியேறிக்கொண்டே இருப்பார்கள். கீழே என்னிடம் போட்டோ, மேலே அவரிடம் பேச்சு. இரண்டும் முடிந்தால் ஆள் பிளேன் ஏறத் தயார் என்று நாங்களே பெருமையடித்துக்கொள்வோம்.

முதல் நாள் வகுப்பில் ரூபி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அரபியில் "எங்கே போகிறாய்?" என்று அதட்டுவார். அர்த்தம் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுருங்கிவிடும். "டீச்சர், நல்ல காரியத்துக்குக் கெளம்புதோம், இப்படியா கேப்பீய?" என்று ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார். "அங்கன ஏர்போர்ட்ல மொதக் கேள்வியே அதான். தூரமான்னு கேக்க அங்கன உங்க சித்தப்பாவா உக்காந்திருக்காரு?" என்றார் ரூபி. சிரிப்புச் சத்தம் என் கடை வரை கேட்டது.

அவருடைய வகுப்பில் புத்தகம் கிடையாது. நான் வேண்டாம் என்று ஒதுக்கிய கண்ணாடி மேசைதான் ஏர்போர்ட் கவுண்டர். அதுவே டாக்சி, மருந்துக்கடை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம். மாணவர் பையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், நிமிர்ந்து கண்ணைப் பார்க்கவேண்டும், சிரிக்கவேண்டும், பதில் சொல்லவேண்டும். தலையைக் குனிந்தால் போச்சு, படியிறங்கிக் கீழே வந்து மறுபடி ஏறவேண்டும். என் கடை வாசலில் பையோடு நின்று முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறவர்களைப் பார்த்து ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பயந்துபோவார்கள்.

இந்தச் சிரிப்புப் பாடத்துக்குக் காரணம் உண்டு. ரூபி ஆலங்குளத்துப் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு வளைகுடா போனார். போய் இறங்கிய அன்று கவுண்டரில் இருந்தவன் கேட்டது எதுவும் புரியாமல் அழுதுவிட்டார். அழுகிற பெண்ணைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம். ஓரத்து அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். கூட வந்த பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அழைத்துப்போக வந்த வீட்டுக்காரனும் காத்திருந்து சலித்துப் போய்விட்டான். எப்படியோ வெளியே வந்து, அதற்கப்புறம் பல வீடுகளில் வேலை செய்து, வீட்டுப் பிள்ளைகளிடமே பேச்சைக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி இந்த வகுப்பைத் தொடங்கினார். கல்யாணம் ஏன் கட்டவில்லை என்று கேட்டால் "நேரம் எங்க அண்ணாச்சி கெடந்துச்சு?" என்பார். "சிரிச்ச மூஞ்சிய எவனும் நிறுத்தி வைக்க மாட்டான்" என்பதுதான் அவர் வாழ்க்கையில் கண்ட ஒரே உண்மை. அதையே எல்லோருக்கும் ஓதினார்.

போன வருஷம் குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து, லாட்ஜுகள் காற்று வாங்கிய நேரம். முத்துச்செல்வம் என்ற ஏஜென்ட் சில பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். சென்ட் வாசனை படியில் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். அந்தப் பெண்களில் ஒருத்தி இசக்கிச்செல்வி. இலத்தூர்க்காரி. சீசனில் குற்றாலம் லாட்ஜில் அறை கூட்டுவாள், சீசன் முடிந்தால் கிடைத்த வேலைக்குப் போவாள். புருஷன் சுடலைமாடன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தான். நடப்பதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றிருந்தார்கள். அதற்காகத்தான் போகிறாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலை விசா வேண்டும். முத்துச்செல்வம் எடுத்திருந்தது சுற்றிப் பார்க்கப் போகும் விசா. ஏர்போர்ட்டில் கேட்டால் "டூரிஸ்ட், அக்கா வீடு, பத்து நாள்" என்று சொல்லப் பழக்கவேண்டும் என்றான்.

"வீட்டு வேலைக்குத்தான போறாவ? எதுக்குப் பொய்?" என்று ரூபி கேட்டார்.

"எல்லாரும் இப்படித்தான் டீச்சர் போறாவ. உள்ள போயிட்டா விசாவ மாத்திக்கிடலாம். நீங்க சொல்லிக்குடுக்கலன்னா வாயத் தொறக்காமப் போயி நிக்கும். ஏர்போர்ட்லயே மாட்டிக்கிடும். அது ஒங்களுக்குச் சம்மதமா?"

அன்று சாயங்காலம் ரூபி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்ன அண்ணாச்சி செய்ய? சொல்லிக்குடுத்தா பொய்யி. விட்டா அந்தப் புள்ளைக மாட்டிக்கிடும். நான் அழுத மாரி அழும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்ததும் நான்தானே. முத்துச்செல்வத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இசக்கிச்செல்வி தலை நிமிராத பிறவி. லாட்ஜில் முதலாளி, மேனேஜர், வந்து தங்குகிறவர்கள் என்று எல்லோருக்கும் தலையைக் குனிந்தே பழகினவள். ரூபி அதட்டியதும் தரையைப் பார்ப்பாள். உடனே கீழே இறங்கவேண்டும். என் கடை வாசலில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று, "நிமிரணும், பாக்கணும், சிரிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறுவாள். "சியாஹா" என்றால் சுற்றிப் பார்க்க. "பைத் உக்தி", என் அக்கா வீடு. "அஷர அய்யாம்", பத்து நாள். கடைசியில், என்ன கேட்டாலும் சரி, புரிந்தாலும் புரியாவிட்டாலும், "மாஃபி முஷ்கில்". ஒரு பிரச்சினையும் இல்லை. வழி தவறிவிட்டால் போலீஸிடம் போய், சிரித்த முகமாக வீட்டு விலாசச் சீட்டை நீட்டவேண்டும் என்பதும் ரூபியின் பாடத்தில் உண்டு.

மெல்ல மெல்ல அவள் படியிறங்குவது குறைந்தது. கடைசி வாரம் அவளை மற்றவர்களுக்கே முன்மாதிரியாக நிறுத்தினார் ரூபி. மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்தாலும் சரி, தலை தானாக நிமிர்ந்தது, முகத்தில் சிரிப்பு வந்தது, வார்த்தைகள் வரிசையாக வந்தன. "ஏட்டி, நீ பெரிய ஆளாயிட்டட்டி!" என்று ரூபி கட்டிக்கொண்டார். புறப்படும் அன்று என் கடை வாசலிலும் வந்து "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றாள். நான் ஒழுங்காக "தூரமா?" என்று கேட்டேன். அவள் பெரிதாகச் சிரித்தாள்.

திருவனந்தபுரத்தில் ஏறினாள், வளைகுடாவில் இறங்கினாள். எந்தக் கவுண்டரிலும் ஒருவரும் நிறுத்தவில்லை. முத்துச்செல்வம் ரூபிக்கு லட்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சுடலைமாடனின் அக்கா வந்து வந்து கேட்டுப் போவாள். ஏஜென்டோ "அந்த வீட்டுல போன வேங்கி வச்சிக்கிடுவாவ, அதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை ரூபியின் போன் அடித்தது. மாடியில் டவர் சரியாக எடுக்காது என்பதால் என் கடைக்கு இறங்கி வந்து ஸ்பீக்கரில் போட்டார். இசக்கிச்செல்வி. குரல் அடங்கியிருந்தது. யாரோ ஒரு டிரைவரின் போன், சீக்கிரம் கொடுக்கவேண்டும் என்றாள். சாப்பாடு சரியில்லை, அடிக்கிறார்கள், பாஸ்போர்ட் அவர்களிடம், கதவைப் பூட்டி வைக்கிறார்கள் என்று சொன்னாள். குப்பை கொட்ட இறங்கிய நேரம் பார்த்து ஓடி, போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டாளாம்.

"போயிட்டியாட்டி? அப்புறம்? என்ன சொன்ன?" ரூபி போனை வாயருகே வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாரியேதான் டீச்சரக்கா சொன்னேன். ஒரு எழுத்து மாறல. மேசைக்குப் பொறத்தால யூனிபார்ம் போட்டவரு உக்காந்திருந்தாரு. நிமிந்து பாத்தேன், சிரிச்சேன். சியாஹா, பைத் உக்தி, அஷர அய்யாம்னேன். என்னமோ கேட்டாரு, வெளங்கல. மாஃபி முஷ்கில்னு சொல்லிச் சீட்டக் குடுத்தேன். அவரு நல்லவருதாங்க்கா. ஜூஸு வேங்கிக் குடுத்து, போன் போட்டு, வீட்டுக்காரரையே வரவச்சு ஒப்படைச்சிட்டாரு."

ரூபி போனை வாயருகிலிருந்து மெல்ல இறக்கினார்.

"எனக்கு வேற சொல்ல வரலக்கா. வாயத் தொறந்தா அதான் வருது. வீட்டுக்குக் கூட்டியாந்த பொறவுதான், ஓடுவியா ஓடுவியான்னு, இஸ்திரிப் பெட்டிய..."

ரூபி சுதாரித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். "ஏட்டி, இங்க கேளு. இனிமே சிரிக்காத. எவன் முன்னாலயும் சிரிக்காத. நான் சொல்லுதத அப்படியே சொல்லு. பயமா இருக்கு, அடிக்காங்க, எம்பஸிக்குப் போணும்." மூன்றையும் அரபியில் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டாவதைச் சொல்லும்போதே லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரூபி என் கடைத் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளே மாடியிலிருந்து அந்தக் கண்ணாடி மேசையை இறக்கிவிட்டார். எம்பஸிக்கு மெயில், தெரிந்தவர்களுக்கு எல்லாம் போன் என்று அலைந்தார். கடைசியில் காப்பாற்றியது ஒரு மலையாளி நர்ஸ். இசக்கிச்செல்வியின் கையில் சூட்டுப் புண் சீழ் பிடித்து, வீட்டுக்காரி கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டபோது இசக்கிச்செல்வி சிரித்துக்கொண்டு "மாஃபி முஷ்கில்" என்றுதான் சொன்னாளாம். அந்தப் புண்ணியவதி முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். எம்பஸிக்குச் சொன்னாள்.

இந்த வருஷம் சாரல் விழத் தொடங்கிய சமயம் இசக்கிச்செல்வி ஊர் திரும்பினாள். ஆபரேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. சுடலைமாடன் அதே கட்டிலில் கிடக்கிறான். இலத்தூரில் சொந்தமும் தெருவும் வந்து வந்து "எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்க, அவள் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, "நல்லாருந்துச்சு, ஒண்ணும் கொறையில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டவர்கள் அடுத்த தெருவில் போய், அங்கே என்னவோ சுகமாகத்தான் இருந்திருக்கிறாள் என்று பேசினார்கள். அப்படிப் பேசினவர்களின் நாக்கு அழுகவேண்டும் என்று நான் மனதாரச் சபித்தேன்.

ரூபி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க முடிவு செய்தார். விஷயம் தெரிந்து முத்துச்செல்வம் வந்தான். அன்று சென்ட் வாசனை இல்லை. "டீச்சர், பொய் சொல்லப் பழக்குனது யாரு? நானா? மனு போச்சுன்னா மொதல்ல ஒங்க பேருதான் வரும். வகுப்பையே மூடிட்டுப் போவாவ, பாத்துக்கிடுங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மனு நாள். அன்று காலையில் இசக்கிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மனுவோடு வைக்கக் கைத் தழும்பைப் போட்டோ எடுக்கவேண்டும். யாருடைய கை என்று தெரியவேண்டும், முகமும் சேர்ந்து வரட்டும் என்றார். இசக்கிச்செல்வி புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது.

விளக்கைப் போட்டேன். கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சிரிக்காதம்மா." பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்கிற வார்த்தை அது.

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தாள்.

கேமராவை விட்டு நகர்ந்து வந்து பேச்சுக் கொடுத்தேன். முகம் சாதாரணமாகிவிட்டது. திரும்பப் போய் நின்றதும் மறுபடி அதே சிரிப்பு. விளக்கை அணைத்துப் பார்த்தேன், திரும்பி உட்காரச் சொல்லிப் பார்த்தேன். அவளும் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். "நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி, நான் வேணும்னு செய்யல" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

"கைய மட்டும் எடுத்திருவோமா டீச்சர்? இந்தப் படத்தக் காட்டுனா எவன் நம்புவான்?" என்றேன்.

ரூபி அவளருகே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டார். கையிலிருந்த மனுவை என் முன்னால் வைத்தார். கீழே இரண்டு கையெழுத்து இருந்தது. ஒன்று இசக்கிச்செல்வியுடையது. மற்றது ரூபியுடையது, அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கியவள் நான்தான் என்று அதற்கு மேலே அவர் கைப்படவே எழுதியிருந்தார்.

"இப்படியே எடுங்க அண்ணாச்சி. தழும்பு அவுங்க போட்டது. சிரிப்பு நான் போட்டது. ரெண்டும் தெரியணும்" என்றார்.

நான் எடுத்தேன்.