குண்டு மெஷினில் பதினொரு வெடிப்பு

போன வாரம் என் கைத்தொலைபேசியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தேன். வேண்டுமென்று போடவில்லை, சட்டைப் பையில் இருந்தது, குனிந்தேன், போய்விட்டது. டவுனில் பழுதுபார்க்கிறவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். "மேல் கண்ணாடி மட்டுந்தான் அங்கிள், உள்ளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. வெடிப்பு மேலோடு நிற்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கிற வேலையை எழுபதுகளில் நான் இருபது நாள் செய்திருக்கிறேன். அதனால் என்ன கிடைத்தது என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்.

இலங்கையில் ரத்னபுரிப் பக்கம், குருவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே பெக்டரியில் மெஷின் பார்க்கிற பிட்டர். ரோலருக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் அறுந்தால் தைப்பது, இதுதான் உத்தியோகம். எதையும் கழற்றத் தெரியும். திரும்ப மாட்டும்போதுதான் இரண்டு மூன்று ஆணி கையில் மிஞ்சும்.

கடைசி வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போகும்போது பங்களாவில் இருந்த பின்போல் மெஷினை உத்தியோகத்தர்களின் ஸ்டாப் கிளப்புக்கு விட்டுப் போனார். நாங்கள் அதைக் குண்டு மெஷின் என்போம். கால் வைத்த பெட்டி, மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே சாய்வாக ஒரு பலகை. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கே இங்கே முட்டி மணியடித்துக்கொண்டு கீழே வரும். கீழே இரண்டு சின்னக் கை இருக்கும். பொத்தானை அமுக்கி அந்தக் கைகளால் குண்டைத் திருப்பியடிக்க வேண்டும். பலகையில் ஒரு கடற்கரைப் படம், அதில் குளியல் உடுப்போடு ஒரு வெள்ளைக்காரி. ஆபீசுப் பெரிய கிளாக்கர் ஆடும்போது அவளைப் பார்க்காத மாதிரியே பார்ப்பார்.

உண்மையில் அந்த மெஷினை ஆடத் தெரிந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான். கிளப் கூட்டுகிற காமாட்சி. பின்னேரம் பெக்டரி எஞ்சின் ஓடினால்தான் கிளப்புக்குக் கரண்ட் வரும். ஸ்டாப் எல்லாம் ஆபீசில் இருக்கிற அந்த நேரத்தில் அவள் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுவாள். குண்டு விழப்போகிற நேரத்தில் இடுப்பால் பெட்டியை ஓர் இடி. அதிகமாக இடித்தால் மெஷின் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். அவளிடம் அது ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பெல்ட் பார்க்கிற சாக்கில் நான் அந்தப் பக்கம் போவேன். எத்தனை தரம் போனேன் என்றால், அந்தத் தோட்டத்தில் என் பெல்ட் மாதிரி ஒழுங்கான பெல்ட் வேறு இல்லை.

வெடிப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தான். "குண்டு இந்த எடத்துக்கு வந்தோன்ன எடப்பக்கம் ஒதுங்குதுங்க. பலக வெடிச்சிருக்கு, பாருங்க." பார்த்தேன். மரத்தின் ரேகையோடு மெல்லிசாக, கறுப்பாக, பதினொரு வெடிப்பு. எங்கள் பக்கத்து மழையில் ஆட்களே பூசணம் பிடித்துப் போவார்கள், பலகை எம்மாத்திரம்?

அதே வாரம் அவள் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்காத தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா சின்னையா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர், அம்மா, காமாட்சி, மூன்று பேருக்கும் ஒரே காயிதம். இருபது நாளில் பயணம். எங்கள் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவளை நான் கலியாண ரிஜிஸ்தர் எழுதினால் அவள் பேரைக் காயிதத்தில் வெட்டலாம், அவள் இங்கேயே இருக்கலாம். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, அவளே சொன்னாள். "அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்த கேளுங்க. அவரு மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"இந்தப் பலகைய முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேறொன்றுமில்லை. சின்னையா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீயா?" என்று சிரித்துவிட்டால்? அவள் மெச்சுகிற மாதிரி ஒரு வேலையை முடித்த கையோடு போனால் நிமிர்ந்து நிற்கலாம் என்று நினைத்தேன். புத்தி அவ்வளவுதான்.

பலகையைக் கழற்றிப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. குருவிட்டை பஜாரில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்கிற சிறிசேன முதலாளியிடம் தலையில் சுமந்துகொண்டு போனேன். அவர் கண்ணில் லென்சை இடுக்கி, நீலக்கல்லைப் பார்க்கிற அதே பவ்வியத்தோடு ஒவ்வொரு வெடிப்பாகப் பார்த்தார். வெள்ளைக்காரி பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "உட விதரய், மல்லி. எத்துளெ ஹொந்தய்" என்றார் சிங்களத்தில். தம்பி, மேலே மட்டுந்தானாம், உள்ளே நல்லாயிருக்கிறதாம். ஐந்து நாள் போயிருந்தது.

அடுத்து நான் செய்த காரியத்தை ரப்பர் தோட்டத்து மடையன் தவிர வேறு எந்த மடையனும் செய்யமாட்டான். வெடிப்புகளில் ரப்பர் பாலை ஊற்றி, இரண்டு சொட்டு எசிட் விட்டு உறைய வைத்தேன். மழையில் காயவில்லை. ரப்பர் ஷீட் காய்கிற புகைக்கூட்டில் பலகையைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். ஷீட் நாலைந்து நாளில் காயும், பலகையும் காயாதா? தினமும் போய்த் திருப்பிப்போட்டுவிட்டு வந்தேன்.

காய்ந்தது. வெளியே எடுத்தால் கடற்கரை முழுக்கக் கருப்பட்டி நிறம். வெள்ளைக்காரி நம்ம தொழிலாளர் லயத்துப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். போதாததற்கு, ஊற்றிய பால் வெடிப்புக்கு மேலே வரம்பு மாதிரி எழும்பி நின்றது. மாட்டி ஆடிப் பார்த்தால் குண்டு தவளை போல் தத்தித் தத்திப் போகிறது. காமாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "இன்னும் ஆறு நாளுதான் இருக்கு" என்றாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டே நாளு" என்றேன். பிளேடால் ரப்பரை வழித்தெடுத்தேன். மரத்தூளையும் பசையையும் குழைத்து வெடிப்பில் அடைத்து, உப்புத்தாள் போட்டு, அரக்குப் பாலிஷைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றினேன். ஈரத்தில் பாலிஷ் வெள்ளை பூத்தது. வழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இப்படி நாலு நாள் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஓடவிட்டுக் கூப்பிட்டேன். அவள் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டாள். குண்டு பதினொரு வெடிப்பின் மேலும் ஓடியது, எங்கேயும் ஒதுங்கவில்லை. என் வாழ்க்கையில் ஆணி மிஞ்சாமல் நான் செய்த ஒரே வேலை அது. "சுத்தமான வேலைங்க" என்றாள். இரண்டாவது குண்டை ஆடவில்லை. "வாங்க, அப்பா வீட்டுலதான் இருக்காரு."

கையில் அரக்கு வாடையோடு போனேன். லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் சாமானெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. சின்னையா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

"நல்ல காரியந்தான் தம்பி. ஒன்னய வேணாம்னு நா ஏன் சொல்லப்போறேன்? போன வெள்ளிக்கெழம ரத்னபுரி கவர்மென்டு கச்சேரியில கடைசித் தடவையா கேட்டாங்க, யாரு பேரையாச்சும் வெட்டணுமான்னு. நா இந்தப் புள்ளயப் பாத்தேன். இது ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு, இல்லீங்கன்னு கைநாட்டு வச்சுட்டேன். இனிமே வெட்ட முடியாதுன்னு இதுகிட்ட நா இன்னும் சொல்லல."

அந்த வெள்ளிக்கிழமை நான் பலகையில் வெள்ளை பூத்த பாலிஷை வழித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்து லொறியில் போனார்கள். நான் எஞ்சின் ரூமுக்குள் போய் அழுதேன். அங்கே சத்தம் அதிகம், யாருக்கும் கேட்காது.

பிறகு வந்த ஓர் இனக் குழப்பத்தில் கிளப்பை எரித்தார்கள். மெஷினும் அதோடு போயிற்று. பாலிஷ் நன்றாகப் பிடித்திருந்ததால் பலகை நன்றாகவே எரிந்திருக்கும். பெக்டரி இல்லை. சிறிசேன முதலாளி செத்துப்போனார். சின்னையா இருந்த லயத்தை இடித்து, அந்த இடத்திலும் ரப்பர் நட்டு, அந்த மரங்களும் இப்போது பால் வற்றிவிட்டன. போன வருஷம் போய்ப் பார்த்தேன். அவர் காம்பரா வாசலுக்கு பெக்டரியிலிருந்து எத்தனை எட்டு இருக்கும் என்று நடந்து பார்க்க நினைத்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அதிகம் போனால் இருநூறு எட்டு இருந்திருக்கும்.