அடிபம்படியில் நான் துவைத்த துணி

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ர, எங்கே ற என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்வதென்றால் இந்த அளவுகூட வராது. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

எண்பத்தாறில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்த்தேன். அங்கே தினமும் சைக்கிள் விடும் கல்லூரி ஆசிரியர் ஒருவர், நான் பழைய பேப்பரைக்கூட விடாமல் படிப்பதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடி மனித சுதந்திரம் பற்றிப் பேசுவார்கள். நான் கடைசியில் உட்கார்ந்து கேட்பேன். ஒருவரைத் தடுக்க இன்னொருவருக்கு உரிமை கிடையாது என்பார் ஆசிரியர். எனக்குச் சிலிர்க்கும்.

அந்த வருடம்தான் என் மனைவி, சானடோரியம் பக்கம் சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். தையல் என்றால் அவளுக்கு உயிர்.

"போ. உன்னத் தடுக்க நான் யாரு?" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம், கழுத்தில் கம்பெனி அட்டையோடு, கூட வேலை செய்யும் பெண்களோடு சிரித்துக்கொண்டே அவள் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பதைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. ஆனால் போகாதே என்று சொல்ல முடியாது. கொள்கை இருக்கிறதே.

மறுநாள் காலை என் துணியை நானே எடுத்துப்போய் அடிபம்படியில் துவைத்தேன். ஆறு குடித்தனத்துக்கும் அந்த ஒரு பம்புதான். பெண்டாட்டி நன்றாக இருக்கும்போது ஆண் தன் துணியைத் துவைத்தால் எங்கள் பக்கத்தில் அசிங்கம் அவனுக்கில்லை, அவளுக்கு. தெரிந்துதான் துவைத்தேன். தினமும் துவைத்தேன். அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன்.

பம்படிப் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. அவள் குடத்தை வைத்ததும் பக்கத்துப் போர்ஷன் அக்கா கேட்டாள்: "இன்னாம்மா கலெக்டரம்மா, வூட்டுக்காரரு உன் பொடவையும் தொவைப்பாரா? சோப்பு கீதா, இல்லாங்காட்டி நான் வாங்கியாந்து தரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை நிமிராமல் பிழிந்துகொண்டிருந்தேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். மனைவியை வேலைக்கு அனுப்பிவிட்டு என் துணியை நானே துவைக்கிறேன் என்றேன். கைதட்டினார்கள். நாம் பேசுகிறோம், இவர் வாழ்கிறார் என்றார் ஆசிரியர்.

பதினோராம் நாள் காலை அவள் என் வாளியைப் பிடித்துக்கொண்டாள். "திட்டுங்க. ரெண்டு அடிகூட அடிங்க. துணிய மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றேன். "உனக்கு எல்லா சுதந்திரமும் இருக்கு."

வாளியை விட்டுவிட்டாள். அடுத்த நாள் அட்டையைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரியிலிருந்து நான் பேச ஆரம்பித்தேன். கூட்டத்தில் விசாரித்தபோது, அவளே நின்றுவிட்டாள் என்றேன். அது அவர் விருப்பம், கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வேறு விஷயத்துக்குப் போனார்.

அடித்துத் தடுத்திருந்தால் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். நாலு பேர் அவள் பக்கம் நின்றிருப்பார்கள். தடுக்காதவனை யார் கேட்க முடியும்? சுதந்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு அவள் வாழ முடியாதபடி செய்தால் போதும். இதற்குப் படிப்பே வேண்டாம். இப்போது டிவியில் ஆளாளுக்கு உங்கள் விருப்பம், உங்கள் விருப்பம் என்கிறார்கள். எனக்கு, சொல்பவன் என்ன செய்துவிட்டு வந்து சொல்கிறான் என்றுதான் யோசனை ஓடுகிறது.

போன வாரம் அவளிடம் கேட்டேன். "இப்ப வேணா போறியா? ஆள் எடுக்கறாங்களாம்."

அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. என்னை எவன் எடுப்பான்?"

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பதினோரு வருடம் கழித்தும் நிம்மதிதான். அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

9-11-1997, ஞாயிறு.