மாக்கல் மேடையில் விழுந்த கீறல்

"மாமா, அப்பா போயிட்டாரு" என்று அந்துவானின் மகள் போனில் சொன்னபோது, நெல்லித்தோப்புக் கடையில் ஒருவருக்குக் கல் காட்டிக்கொண்டிருந்தேன். சமையல் மேடைக்குக் கல் விற்றுப் பதித்தும் கொடுக்கும் கடை. அந்துவானும் நானும் கூட்டாக நடத்தியது. வந்தவரை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சாவி ஞாபகம் இருக்கும். கல்சட்டி செய்கிற மாக்கல்லிலேயே மேடை வேண்டும் என்று யாராவது ஆசையாக வந்தால், ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சாம்பிள் கல்லில் ஒரு கோடு கிழித்துக் காட்டுவார். பாதிப் பேர் கிரானைட்டே போதும் என்று கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சுடுபாத்திரத்த அப்படியே எறக்கலாம், புளி, எலுமிச்சை பட்டாலும் கறையாவாதுன்னு மொதல்ல சொல்லேன்யா!"

"நல்லத அவங்களே சமைச்சித் தெரிஞ்சிப்பாங்க. கொறைய நாமதான் சொல்லணும்" என்பார்.

ஒருநாள் அவர் இல்லாதபோது, குருசுக்குப்பத்தில் மெஸ் நடத்தும் செல்வி அக்கா வந்தார். நல்லதை மட்டும் சொல்லி விற்றுவிட்டேன். பதிக்கப் போகும்போது, "கீறல் விழும்னு சொல்லிட்டியா?" என்று அந்துவான் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அக்கா மேடைமேலேயே மீன் வெட்டியிருக்கிறார். ஒரே வாரத்தில் கல் முழுக்கக் கோடு. கடைக்கு வந்து தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்துவான் எழுந்தார்.

"பதிக்க வந்தப்ப நாந்தான்க்கா சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்."

அன்றே போய் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசினார். கோடுகள் மறைந்து, கல் கறுத்துப் பளபளத்தது. திரும்பும் வழியில் திட்டுவார் என்று பயந்துகொண்டே வந்தேன். "டீ குடிக்கலாமா?" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் மறைத்து விற்றதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை.

அடக்கத்தன்று செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்துவானின் மகளிடம், "தங்கமான மனுஷன்மா. எங்கிட்டதான் ஒண்ண சொல்ல மறந்துட்டாரு" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். அப்போதும் நான் பேசாமல்தான் நின்றேன்.

அக்கா, அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவர் எதையும் மறக்கவில்லை. மறைத்தவன் நான். எனக்காக இத்தனை வருடம் அவர் சுமந்த அந்தப் பழியை இன்று நான் வாங்கிக்கொள்கிறேன். கடையில் அவர் பங்கு மகளுக்குப் போகும். என் பங்குக்கு இந்தப் பழி.